இடது கைக்காரர்கள் கன்ட்ரோலர் பழக ஒரு முழு வழிகாட்டி: வடசென்னை பிஎஸ் கடை முதல் வீட்டு டிவி வரை

இடது கையால் எழுதும் பையன் துப்பாக்கிச் சண்டை கேமில் தொடர்ந்து தோற்றால், சுற்றி இருப்பவர்கள் ஒரே ஒரு காரணம்தான் சொல்வார்கள்: "பீச்சாங்கைக்காரனுக்கு கன்ட்ரோலர் செட் ஆகாதுடா." வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கி ஆட விடும் பிஎஸ் (பிளேஸ்டேஷன்) கடைகளில் இதைக் கேட்கலாம். கொஞ்ச நாளில் அந்தப் பையனே அதை நம்பிவிடுகிறான். சண்டை கேம் வைத்தால் கன்ட்ரோலரைப் பக்கத்தில் இருப்பவனிடம் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்கிறான்.

அந்தப் பேச்சு தவறு. பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். அத்தனை பேரும் ஒதுங்கி நிற்க வேண்டிய காரணம் எதுவும் கன்ட்ரோலரில் இல்லை. அதில் எது தடை, அதை எங்கே போய் மாற்றுவது, மாற்றிய பிறகு விரலை எப்படிப் பழக்குவது என்பது தெரிந்தால் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்றிப் பார்த்துவிட்டு "சரிப்படவில்லை" என்று விட்டவர்களில் நான் பார்த்தவரை அதிகம் பேர் பாதி மட்டும் மாற்றியவர்கள். ஸ்டிக்கை, அதாவது கட்டைவிரலால் ஆட்டும் சின்னக் குச்சியின் வேலையை, இடம் மாற்றிவிட்டு, பட்டன்களை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது பழைய நிலையைவிட மோசம். மாற்றினால் முழுசாக மாற்றுங்கள், இல்லையென்றால் மாற்றாமலே ஆடக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வழி இருக்கிறது.

சிக்கல் எந்தப் பக்கம்?

கன்ட்ரோலர் எல்லா விதத்திலும் வலது கைக்காரருக்காகச் செய்தது என்று பலர் நினைக்கிறார்கள். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. 1977-ல் வந்த அட்டாரி 2600-இன் ஜாய்ஸ்டிக்கில் பட்டன் இடது மூலையில் இருந்தது. பெட்டியை இடது கையில் பிடித்து, குச்சியை வலது கையால் ஆட்ட வேண்டும். திசை காட்டும் வேலை அப்போது வலது கையிடம் இருந்தது. 1983-ல் நிண்டெண்டோவின் ஃபேமிகாம், கூட்டல் குறி போன்ற திசைப் பட்டனை இடது பக்கம் வைத்தது. தொண்ணூறுகளில் நம் வீடுகளில் கேசட் செருகி ஆடிய டிவி கேம் பெட்டிகள் அதன் நகல்கள்தான். அன்றிலிருந்து திசை இடது கட்டைவிரலின் வேலை ஆகிவிட்டது.

அதனால் பழைய வகை கேம்களில் இடது கைக்காரருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. ஓடிக் குதிக்கும் கேம், கால்பந்து, கார் பந்தயம், டெக்கன் மாதிரி அடிதடி எல்லாவற்றிலும் நுணுக்கமான வேலை திசைதான், அது உங்கள் பழக்கப்பட்ட கையில் இருக்கிறது. டெக்கனில் வேகமாகத் திசையைச் சுழற்றி அடிக்கும் அடிகள் உங்களுக்குச் சுலபமாக வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். இந்த கேம்களில் எதையும் மாற்றாதீர்கள்.

சிக்கல் இரண்டாவது ஸ்டிக் வந்த பிறகு தொடங்கியது. இடது ஸ்டிக் நடக்க, வலது ஸ்டிக் பார்க்கவும் குறி வைக்கவும் என்று ஆனது. குறி வைப்பது மில்லிமீட்டர் கணக்கில் விரலை நகர்த்தும் வேலை. அது போய் உங்கள் பழகாத கட்டைவிரலில் உட்கார்ந்துகொண்டது. உங்கள் பிரச்சினை முழுவதும் இந்த ஒரு வேலைதான்.

முதல் படி: உங்கள் கையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இடது கைக்காரர் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. சச்சின் எழுதுவது இடது கையால், பேட் பிடிப்பது வலது கைக்காரராக. நம் சென்னைக்காரர் வாஷிங்டன் சுந்தர் இடது கை பேட்ஸ்மேன், பந்து போடுவது வலது கையால். அதுவும் நம் வீடுகளில் பேனாவை இடது கையில் பிடிக்கிற பிள்ளையும் சோற்றை வலது கையால்தான் பிசைந்து சாப்பிட்டு வளர்கிறது. ஆகவே உங்கள் வலது கை ஏற்கெனவே ஓரளவு பயிற்சி பெற்ற கை. எவ்வளவு என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும்.

சில விஷயங்களைக் கவனியுங்கள். கேரம் ஸ்ட்ரைக்கரை எந்தக் கையால் சுண்டுகிறீர்கள்? ஊசியில் நூல் கோர்க்கும்போது நூல் எந்தக் கையில்? ஒற்றைக் கையில் போனைப் பிடித்து மெசேஜ் தட்டும்போது எந்தக் கட்டைவிரல் தானாக வேலை செய்கிறது? கம்ப்யூட்டர் மவுஸை எந்தக் கையில் பழகினீர்கள்? கடைசி இரண்டும் கன்ட்ரோலருக்கு மிக நெருக்கமான சோதனைகள். எழுதுவது இடது கையாக இருந்து, மவுஸும் போனும் வலது கைக்குப் பழகியிருந்தால், அநேகமாக நீங்கள் கன்ட்ரோலரை மாற்றவே வேண்டியதில்லை. நாலுமே இடது கை என்றால் முழு மாற்றத்தைத் தயங்காமல் செய்யுங்கள்.

இரண்டாம் படி: எங்கே ஆடுகிறீர்கள்?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்டுக்கொள்வதே இல்லை, ஆனால் முடிவு இதில்தான் இருக்கிறது. வீட்டில் சொந்த கன்சோல் இருக்கிறது, சண்டை கேம் அதிகம் ஆடுவீர்கள் என்றால் மாற்றுவது லாபம். கடையில் வாரத்துக்கு ஒரு தடவை நண்பர்களோடு, ஒரு ரவுண்டு முடிந்ததும் கன்ட்ரோலரைக் கைமாற்றி ஆடுகிறவர் என்றால், மாற்றாமல் பழகுவதே நல்லது. ஒவ்வொரு ரவுண்டுக்கும் செட்டிங்ஸுக்குள் போய் வர யாருக்கும் பொறுமை இருக்காது, காசும் ஓடிக்கொண்டிருக்கும்.

மாற்றாமல் ஆடுகிறவர்களுக்கு

உங்கள் பலம் இடது கட்டைவிரல். அதையே குறி வைக்கவும் பயன்படுத்துங்கள். எதிரி குறியிலிருந்து கொஞ்சம் இடது பக்கம் விலகி நின்றால், வலது ஸ்டிக்கால் துரத்தாதீர்கள். இடது ஸ்டிக்கால் ஓர் அடி பக்கவாட்டில் நகருங்கள். உடம்பு நகரும்போது குறியும் கூடவே நகர்ந்து எதிரி மேல் வந்து உட்காரும். வலது விரல் உயரத்தை மட்டும், அதாவது தலை மட்டத்தில் குறியை நிறுத்துவதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். வலது கைக்காரர்களிலும் தேர்ந்தவர்கள் இதைச் செய்கிறார்கள். உங்களுக்கு இது இன்னும் சுலபமாக வரும்.

அடுத்தது சென்சிடிவிட்டி, அதாவது ஸ்டிக்கைத் தள்ளினால் பார்வை எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்ற அளவு. கூட ஆடுகிற பையன் வைத்திருக்கும் அளவைக் காப்பி அடிக்காதீர்கள். பழகாத விரலுக்கு வேகமான ஸ்டிக் எதிரி. சாதாரணமாகத் திரும்பும் வேகத்தை நடுவில் வைத்துவிட்டு, ஸ்கோப் போடும்போதான வேகத்தை நன்றாகக் குறையுங்கள். பெரும்பாலான சண்டை கேம்களில் இவை இரண்டும் தனித்தனி அளவுகள். குறி வைக்க கேமே கொஞ்சம் உதவும் எய்ம் அசிஸ்ட் இருந்தால் ஆன் செய்யுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவதாக கைரோ. கன்ட்ரோலரையே லேசாகச் சாய்த்துக் குறி வைக்கும் வசதி இது. பிஎஸ்4-இன் டூயல்ஷாக் 4, பிஎஸ்5-இன் டூயல்சென்ஸ், நிண்டெண்டோ ஸ்விட்ச் கன்ட்ரோலர்கள் எல்லாவற்றிலும் இதற்கான சென்சார் இருக்கிறது. எக்ஸ்பாக்ஸின் சாதாரண கன்ட்ரோலரில் இல்லை. ஃபோர்ட்நைட், ஸ்ப்ளாட்டூன் போன்ற கேம்கள் இதை உள்ளேயே தருகின்றன. கம்ப்யூட்டரில் ஸ்டீம் ஆப்பில் உள்ள ஸ்டீம் இன்புட் என்ற கன்ட்ரோலர் அமைப்பு வழியாக வேறு பல கேம்களிலும் கொண்டுவரலாம். இடது கைக்காரருக்கு நான் பரிந்துரைக்கும் வசதிகளில் இதைத்தான் முதலில் வைப்பேன். காரணம், கைரோவில் குறி வைப்பது இரண்டு மணிக்கட்டும் சேர்ந்து செய்யும் வேலை. ஸ்டிக்கால் தோராயமாகத் திரும்பி, கடைசி நுணுக்கத்தை மணிக்கட்டால் முடித்துவிடலாம். எந்தக் கைக்காரர் என்ற கேள்வி அங்கே கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது.

முழு மாற்றம்: இதைப் பொறுமையாகப் படியுங்கள்

முதலில் கேமின் சொந்த செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். கன்ட்ரோலர் பகுதியில் ஸ்டிக் லேஅவுட் என்று ஒன்று இருக்கும். கால் ஆஃப் டூட்டியில் அங்கே டீஃபால்ட், சவுத்பா, லெகஸி, லெகஸி சவுத்பா என்று நாலு இருக்கும். உங்களுக்கு வேண்டியது சவுத்பா. வடசென்னையில் பாக்ஸிங் பழகியவர்களுக்கு இந்தப் பெயர் புதிதில்லை, இடது கைக்காரரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அது இரண்டு ஸ்டிக்கின் வேலையையும் அப்படியே இடம் மாற்றும்: வலது ஸ்டிக் நடக்க, இடது ஸ்டிக் குறி வைக்க. லெகஸி என்று போட்டதை எடுக்காதீர்கள். அது பக்கவாட்டில் நகர்வதையும் திரும்புவதையும் ஒன்றுக்கொன்று மாற்றிவிடும், குழப்பம்தான் மிஞ்சும்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். என்ன ஆகும் என்று பாருங்கள். குதிக்க எக்ஸ் பட்டன், குனிய வட்டம், தோட்டா மாற்ற சதுரம். எல்லாமே வலது கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. டீஃபால்ட் முறையில் குதிக்கும்போது குறி வைக்கிற விரல் ஒரு நொடி விலகும், ஓட்டம் நிற்காது. சவுத்பாவில் இப்போது நடக்கிற விரல் விலகுகிறது. ஓடிக்கொண்டே குதிக்க முடியாது, சுவரைத் தாண்டும் நேரத்தில் ஆள் அப்படியே நின்றுவிடுவான். "சவுத்பா வேலைக்கு ஆகாது" என்று சொல்பவர்கள் எல்லோரும் முட்டிக்கொண்ட இடம் இதுதான்.

இதற்கு இரண்டு தீர்வு உண்டு.

எளிதானது, அவசரத்துக்கு வேண்டிய பட்டன்களைக் கட்டைவிரலிலிருந்து எடுத்துவிடுவது. கேமின் பட்டன் லேஅவுட் பட்டியலில் பம்பர் ஜம்பர் என்று ஒன்று இருந்தால் எடுங்கள், குதிப்பது கன்ட்ரோலரின் மேல் ஓரத்தில் ஆள்காட்டி விரலுக்கு எட்டும் எல்1-க்கோ ஆர்1-க்கோ போய்விடும். பட்டன்களைத் தனித்தனியாக மாற்ற விடும் கேம் என்றால் குதிப்பது, குனிவது, தோட்டா மாற்றுவது மூன்றையும் முதலில் இடம் மாற்றுங்கள். அந்த மேல் ஓரத்துப் பட்டன்கள், ஸ்டிக்கை உள்ளே அமுக்குவது, இவைதான் இடம். குண்டு எறிவது மாதிரி அவ்வப்போது வருகிற வேலைகளை வலது பக்க பட்டன்களுக்குத் தள்ளிவிடலாம். முதுகில் கூடுதல் பட்டன் உள்ள கன்ட்ரோலர்கள், அதாவது டூயல்சென்ஸ் எட்ஜ், எக்ஸ்பாக்ஸ் எலைட் மாதிரியானவை, இதற்கு அருமையாக உதவும். விலைதான் அதிகம், இதற்காக மட்டும் வாங்கத் தேவையில்லை.

இரண்டாவது, கண்ணாடியில் பார்ப்பது போல முழு கன்ட்ரோலரையும் திருப்புவது. இதை கேமில் செய்ய முடியாது, கன்சோலின் சிஸ்டம் செட்டிங்ஸில் செய்ய வேண்டும். பிஎஸ்5-ல் செட்டிங்ஸ், அதில் அக்ஸசிபிலிட்டி, அதில் கன்ட்ரோலர்ஸ், அதற்குள் பட்டன் அசைன்மென்ட் என்று போக வேண்டும். பிஎஸ்4-ல் செட்டிங்ஸில் அக்ஸசிபிலிட்டிக்குள்ளேயே பட்டன் அசைன்மென்ட்ஸ் இருக்கும். எக்ஸ்பாக்ஸில் எக்ஸ்பாக்ஸ் ஆக்ஸசரீஸ் என்ற ஆப்பில் ஸ்டிக்குகளை மாற்றவும் ட்ரிக்கர்களை மாற்றவும் நேரடியாகவே தேர்வுகள் உண்டு. ஸ்விட்சில் 2020-ல் வந்த அப்டேட்டிலிருந்து பட்டன் மாற்றும் வசதி இருக்கிறது.

பிஎஸ் கன்ட்ரோலரில் மாற்ற வேண்டியவை இவை. இடது ஸ்டிக்கும் வலது ஸ்டிக்கும் இடம் மாற வேண்டும். எல்1 ஆர்1, அவற்றுக்குக் கீழே உள்ள ட்ரிக்கர்களான எல்2 ஆர்2, ஸ்டிக்கை உள்ளே அமுக்கும் எல்3 ஆர்3 மூன்று ஜோடிகளும் மாற வேண்டும். இதில் எல்3 ஆர்3 ஜோடியை மறந்துவிடாதீர்கள். ஓடுவதற்கு அமுக்கும் ஸ்டிக் நடக்கும் விரலில்தான் இருக்க வேண்டும். மறந்தால் ஓட நினைத்து அமுக்கும்போது குறி குலுங்கும். அப்புறம் கீழ் அம்பும் எக்ஸும், மேல் அம்பும் முக்கோணமும், இடது அம்பும் வட்டமும், வலது அம்பும் சதுரமும் ஒன்றுக்கொன்று மாற வேண்டும். கடைசி இரண்டில் பலர் குழம்புவார்கள். வட்டம் கன்ட்ரோலரின் வெளிப்பக்கம் இருக்கிறது, அதனால் இடது பக்கத்தில் வெளிப்புறம் இருக்கும் இடது அம்புதான் அதற்கு ஜோடி.

இப்படிச் செய்தால் டீஃபால்ட்டில் வலது கைக்காரருக்கு என்ன வசதியோ அது அப்படியே உங்களுக்கும் வந்துவிடும். குதிக்கும்போது குறி விரல் விலகும், ஓட்டம் தொடரும். சுடுவதும் இடது ஆள்காட்டி விரலுக்கு வந்துவிடும். ஸ்டிக் இரண்டும் ஒரே வரிசையில் இருப்பதால் இந்தத் திருப்பம் பிஎஸ் கன்ட்ரோலரில் இயல்பாக உட்காரும். எக்ஸ்பாக்ஸ் வடிவத்தில் இடது ஸ்டிக் மேலேயும் வலது ஸ்டிக் கீழேயும் இருக்கும், அதில் நடக்கிற விரல் கீழே மடங்கிக்கொண்டே இருக்க வேண்டும். புதிதாக வாங்குகிற இடது கைக்காரர் யாராவது என்னிடம் கேட்டால் பிஎஸ் வடிவத்தைத்தான் சொல்வேன்.

சிஸ்டத்தில் மாற்றுவதில் ஒரு சங்கடம் உண்டு. திரையில் வரும் குறிப்பு மாறாது. "எக்ஸ் அழுத்து" என்று காட்டும், நீங்கள் கீழ் அம்பை அழுத்த வேண்டும். மெனுவில் மேலே கீழே போவதும் இடம் மாறியிருக்கும். சில நாளில் பழகிவிடும், ஆனால் கதை கேம்களில் சட்டென்று ஒரு பட்டனைக் காட்டி உடனே அழுத்தச் சொல்லும் இடங்களில் தடுமாற்றம் வரும். அதனால்தான் கேமுக்குள் மாற்ற முடிந்தால் முதலில் அதையே செய்யுங்கள் என்கிறேன்.

இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டுவிடாதீர்கள். கேமில் சவுத்பா, சிஸ்டத்திலும் ஸ்டிக் மாற்றம் என்றால் ஒன்றை ஒன்று ரத்து செய்து, பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

வீட்டில் அண்ணன் தம்பிக்கு ஒரே டிவி, ஒரே கன்ட்ரோலர் என்றால் பிஎஸ்5-ல் ஆளுக்கொரு யூசர் உருவாக்கிக்கொள்ளுங்கள். உங்கள் பட்டன் மாற்றம் உங்கள் யூசரோடு இருக்கும். "எவன்டா செட்டிங்ஸைக் கெடுத்தது" என்ற சண்டை பாதி குறையும்.

விரலைப் பழக்குவது

மாற்றிய முதல் சில நாள் இரண்டு விரலும் புதுசு. இடது விரல் குறி வைக்கத் தெரியாமல் அலையும், வலது விரல் நடக்கத் தெரியாமல் சுவரில் மோதும். முந்தைய நாளைவிட மோசமாக ஆடுவீர்கள். அதைப் பார்த்துப் பயந்து திரும்பிப் போய்விடாதீர்கள்.

ரேங்க் மேட்ச் பக்கமே போகாமல், யாரும் சுடாத இடத்தில் தொடங்குங்கள். திறந்த உலக கேம் ஒன்றில் சும்மா நடங்கள், வண்டியை விட்டு இறங்கித் தெருத் தெருவாகச் சுற்றுங்கள். கேமராவைத் திருப்புவது யோசிக்காமல் வர ஆரம்பித்ததும் ட்ரெயினிங் பகுதிக்குப் போங்கள். அங்கே ஒரு தூணைத் தேர்ந்தெடுத்து, குறியைத் தூணின் நடுவிலிருந்து எடுக்காமல் அதைச் சுற்றி வாருங்கள். முதலில் வலமாக, பிறகு இடமாக. இந்த ஒரு பயிற்சி நடக்கும் விரலையும் குறி விரலையும் ஒரே நேரத்தில் இணைத்துவிடும். நான் வேறு எதையும்விட இதைத்தான் நம்புகிறேன். அடுத்து கேமே ஆட்டுவிக்கும் பாட் எதிரிகள், கடைசியாக உண்மையான ஆட்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் ஆடுவதைவிடத் தினமும் அரை மணி நேரம் நல்லது. விரல் கற்றுக்கொள்வது இடைவெளி விட்டுத் திரும்ப வரும்போதுதான். இரண்டு மூன்று வாரம் முழுசாகக் கொடுங்கள். அந்த நாட்களில் நண்பன் வீட்டில் டீஃபால்ட், நம் வீட்டில் சவுத்பா என்று மாறி மாறி ஆடாதீர்கள். கால்பந்தும் டெக்கனும் ஆடலாம், அவற்றில் கேமரா வேலை இல்லாததால் குழப்பம் வராது.

மேல் கீழ் திருப்பத்தையும் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். ஸ்டிக்கை மேலே தள்ளினால் பார்வை கீழே போகும் இன்வெர்ட் முறை, கை மாற்றிய சிலருக்கு இயல்பாக அமைந்துவிடுகிறது. இரண்டையும் சிறிது நேரம் ஆடிப் பார்த்து ஒன்றை முடிவு செய்துவிட்டு, அப்புறம் அதைத் தொடாதீர்கள்.

பழைய கன்ட்ரோலர் வாங்கும்போது

பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ செகண்ட் ஹேண்ட் கன்ட்ரோலர் வாங்கப் போகிறவர் பலர். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்கள் மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி தெருவுக்கு நடந்தே போய்விடலாம். அங்கே மற்றவர்கள் பார்க்காத ஒன்றை நீங்கள் பார்க்க வேண்டும்.

பயன்படுத்திய கன்ட்ரோலரில் அதிகம் தேய்ந்திருப்பது இடது ஸ்டிக். எல்லோரும் அதை ஓரம்வரை தள்ளித் தள்ளித்தான் ஓடியிருப்பார்கள், அமுக்கி அமுக்கித்தான் வேகம் எடுத்திருப்பார்கள். நடப்பதற்கு மட்டும் என்றால் கொஞ்சம் தேய்மானம் தெரியாது. நீங்களோ அந்த ஸ்டிக்கில் குறி வைக்கப் போகிறீர்கள். தொடாமலே ஸ்டிக் நகர்கிற ட்ரிஃப்ட் லேசாக இருந்தாலும், உங்கள் குறி தானாக மிதந்து போகும். அதனால் இடது ஸ்டிக்கை முதலில் சோதியுங்கள். கடையில் விண்டோஸ் கம்ப்யூட்டர் இருந்தால் யூஎஸ்பி ஒயரில் மாட்டி, கேம் கன்ட்ரோலர்ஸ் அமைப்பைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டிக்கை நாலு பக்கமும் தள்ளி விட்டதும் குறி ஒவ்வொரு முறையும் நடுவுக்கே வந்து நிற்கிறதா என்று பாருங்கள். ரப்பர் தொப்பி வழுக்குகிறதா, அமுக்கும்போது கிளிக் சத்தம் தெளிவாக இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

ஏற்கெனவே வீட்டில் இருப்பதில் லேசான ட்ரிஃப்ட் இருந்தால் கேமில் டெட்ஸோன் அளவை, அதாவது ஸ்டிக்கின் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாமல் விடும் எல்லையை, கொஞ்சம் கூட்டிச் சமாளிக்கலாம். ரொம்பக் கூட்டினால் நுணுக்கமான அசைவு போய்விடும், அப்போது ஸ்டிக்கை மாற்றிவிடுவதுதான் வழி.

மொபைலில்

நம் பக்கத்தில் கன்சோல் இல்லாத வீடுகள் நிறைய, போன் இல்லாத வீடு குறைவு. பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற மொபைல் சண்டை கேம்கள் இரண்டிலும் பட்டன்களைத் திரையில் இழுத்து வைக்கும் கஸ்டமைஸ் வசதி உண்டு. போனில் இடது கைக்காரருக்கு வேலை சுலபம், ஏனென்றால் பட்டன்கள் வெறும் படம்தான்.

பிஜிஎம்ஐ-யில் இடது பக்க ஃபயர் பட்டனை எப்போதும் தெரியும்படி ஆன் செய்துவிடுங்கள். அதைப் பெரிதாக்கி, திரையின் இடது மேல் மூலைக்கு இழுத்து வையுங்கள். இடது கட்டைவிரல் நடக்கட்டும், இடது ஆள்காட்டி விரல் மேலிருந்து வளைந்து வந்து சுடட்டும். க்ளா என்று பசங்கள் சொல்லும் பிடி இது. வலது கட்டைவிரலுக்கு இனி குறியை நகர்த்தும் வேலை மட்டும்தான் மிச்சம். சுடுவதும் குறி வைப்பதும் ஒரே விரலில் இருந்தபோது வந்த தடுமாற்றம் பெருமளவு போய்விடும். இதோடு ஸ்கோப் போடும்போது மட்டும் கைரோ ஆன் என்று வைத்தால், சுடும்போது துப்பாக்கி எகிறும் ரீகாயிலை போனைச் சாய்த்தே அடக்கலாம்.

நடக்கும் ஜாய்ஸ்டிக்கையே வலது பக்கம் கொண்டுபோவது கேமுக்குக் கேம் மாறும். இழுத்துப் பாருங்கள், விட்டால் ட்ரெயினிங்கில் சோதித்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்கள் பகிரும் பட்டன் அமைப்புக் குறியீட்டை (லேஅவுட் கோட்) அப்படியே போட்டுக்கொள்ள வேண்டாம். அது வலது கைக்காரர் ஒருவர் தன் விரலுக்கு அமைத்தது. மே மாதப் புழுக்கத்தில் விரல் ஈரமாகி ஒட்டினால் மெல்லிய ஃபிங்கர் ஸ்லீவ் போட்டுக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டரில்

பிரவுசிங் சென்டரிலும் பள்ளிக்கூட லேபிலும் மவுஸ் பழகிய இடது கைக்காரர் பலர் வலது கையில்தான் பிடிக்கிறார்கள். அதில் வசதியாக இருந்தால் விட்டுவிடுங்கள். இடது கையில்தான் வரும் என்றால், இரண்டு பக்கமும் ஒரே வடிவத்தில் இருக்கும் மவுஸை வாங்குங்கள். கட்டைவிரலுக்குக் குழி வைத்த மவுஸ் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம். கடையில் பெட்டியைப் பிரித்து இடது உள்ளங்கையை வைத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கீபோர்டில் டபிள்யூ, ஏ, எஸ், டி-க்குப் பதிலாக ஐ, ஜே, கே, எல் அல்லது அம்புக் குறிகளுக்கு மாறுங்கள். அம்புக் குறியைச் சுற்றி வலது ஷிஃப்ட், கன்ட்ரோல், என்டர், டெலிட் எல்லாம் கை எட்டும் தூரத்தில் இருப்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும். பட்டன் மாற்ற விடாத கேம் என்றால் ஸ்டீம் இன்புட் வழியாக கன்ட்ரோலருக்குப் போய்விடுங்கள். ஸ்டிக், ட்ரிக்கர், அம்புக் குறி எதை வேண்டுமானாலும் கேமுக்குத் தெரியாமல் அது மாற்றித் தரும்.

துப்பாக்கி திரையில் இடது கையில் தெரிகிற வசதி வேலரன்ட்டில் இருக்கிறது, கவுன்டர் ஸ்ட்ரைக் 2-விலும் 2024-ல் வந்தது. அது பார்வைக்கு மட்டும், கன்ட்ரோல் எதுவும் மாறாது. அதைப் போட்டுவிட்டு எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள்.

கடையில் ஆடும்போது

கடையிலும் மாற்றித்தான் ஆடுவேன் என்றால் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். "அண்ணே, எனக்கு லெஃப்ட் ஹேண்டு, ஸ்டிக்கை மாத்திக்கட்டுமா?" என்று கேட்டால், "மாத்திக்கோ தம்பி, போறப்ப பழையபடி வெச்சிட்டுப் போ" என்பார் பெரும்பாலான கடைக்காரர். கேமுக்குள் இருக்கும் சவுத்பாவையும் பட்டன் லேஅவுட்டையும் மட்டும் தொடுங்கள், சிஸ்டம் செட்டிங்ஸ் பக்கம் போக வேண்டாம். எழுந்து போகும்முன் டீஃபால்ட்டுக்குத் திருப்பிவிடுங்கள். நீங்கள் மறந்தால் அடுத்து உட்காரும் சின்னப் பையன் கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று நினைத்து காசு கேட்டு நிற்பான்.

வலி வந்தால்

கை மாற்றிய புதிதில் கட்டைவிரலின் அடிப்பகுதியில் களைப்பு தெரியும், அது இயல்பு. ஆனால் கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டுக்குப் போகும் பக்கத்தில் வலி வந்து, விரலை உள்ளே மடக்கி மணிக்கட்டைக் கீழே சாய்த்தால் சுரீர் என்று இழுத்தால், ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள். தசைநார் உறையில் வீக்கம் வந்ததன் அறிகுறியாக அது இருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டு தொடர்ந்து ஆடினால் கூடும். சில நாள் ஓய்வு கொடுத்தும் குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். ராயபுரம் பக்கம் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. போகும்போது கன்ட்ரோலரை எப்படிப் பிடிக்கிறீர்கள், எந்த விரலால் எவ்வளவு நேரம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.